தோட்டம் வாங்குவதா, பழம் வாங்குவதா? பெங்களூரில் சின்ன ஒயின் லேபிள் தொடங்க நினைக்கும் தம்பதிக்கு

சொந்தப் பெயரில் ஒயின் போட வேண்டும், வருகிறவர்களை உட்காரவைத்து ருசி காட்டி விற்க ஒரு சின்ன டேஸ்டிங் ரூம் வேண்டும் என்ற ஆசையோடு கணவன் மனைவியாகப் பலர் எங்களிடம் வந்து பேசுகிறார்கள். நானும் என் கணவரும் பெங்களூருக்கு வடக்கே தொட்டபள்ளாபூர் பக்கம் இதே தொழிலைத்தான் செய்கிறோம். வருகிறவர்களில் நிறையப் பேர் பெங்களூர்த் தமிழர்கள். ஐ.டி.யில் பல வருஷம் உழைத்து, கையில் கொஞ்சம் சேமிப்போடு, நாற்பதை ஒட்டிய வயதில் இருப்பவர்கள். எடுத்த எடுப்பில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "நந்தி மலைப் பக்கம் நிலம் என்ன விலை போகுது?"

நிலத்தை அப்புறம் பார்க்கலாம். பாட்டிலை எங்கே, யார் கையால் விற்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். திராட்சைத் தோட்டம் வேண்டுமா, ஒயின் ஆலை வேண்டுமா என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் தெளிவாகும்.

கடையில் கொடுத்து விற்கலாமே என்பார்கள். சின்ன லேபிளுக்குக் கடை கைகொடுப்பது அரிது. அலமாரியில் கண்ணுக்கு நேரான தட்டு பெரிய நிறுவனங்களுக்குப் போய்விடும். விளம்பரம் கொடுத்து ஆளை இழுக்கலாம் என்றால் மதுவுக்கு விளம்பரத் தடை இருக்கிறது. பக்கத்து மாநிலத்துக்கு அனுப்பலாம் என்றால், மது மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். ஒவ்வொரு மாநிலத்திலும் லேபிளைத் தனியாகப் பதிவு செய்து தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மதுக்கடை முழுக்க டாஸ்மாக் கையில். ஓசூர் பெங்களூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். ஆனாலும் அங்கே இருக்கும் சொந்தக்காரருக்கு ஒரு பெட்டி ஒயினைக் கூரியரில் அனுப்ப முடியாது.

இதோடு வரிக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டில், கார்க், லேபிள், டேங்க், பம்ப் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. கட்டித்தான் வாங்குகிறோம். குடிக்கும் மது ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால் கட்டிய வரியை எதிலும் கழித்துக்கொள்ள வழியில்லை. அது அப்படியே அடக்க விலையில் ஏறும். நடுவில் மொத்த வியாபாரி, கடைக்காரர், ஓட்டல்காரர் என்று ஆளுக்கொரு பங்கு போனால் வருஷத்துக்குச் சில ஆயிரம் பாட்டில் போடுகிற குடும்பத்துக்கு மிஞ்சுவது சொற்பம். தன் மேஜையில், தன் கையால் ஊற்றிக் கொடுத்து விற்கிற பாட்டிலில்தான் காசு நிற்கும். நாசிக்கில் சுலா என்ற ஒயின் நிறுவனம் 2005ல் டேஸ்டிங் ரூம் திறந்த பிறகு அந்த வட்டாரத்துச் சின்ன ஆலைகளும் அதே வழியில் போனதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் முன்னால் மூன்று வழிகள்: சொந்தத் தோட்டமும் ஆலையும், அடுத்தவர் ஆலையில் கூலிக்கு ஒயினாக்குவது, ஆலை மட்டும் வைத்துப் பழத்தை வாங்குவது. மூன்றையும் ஒரே உரைகல்லில் வைத்துப் பாருங்கள்: இரண்டு பேர் மட்டும் நடத்துகிற வீட்டுக்கு, மேஜையில் நின்று விற்க எந்த வழி இடம் கொடுக்கிறது?

சொந்தத் தோட்டம், சொந்த ஆலை என்பது எல்லோருடைய கனவும். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. தன் கையால் கவாத்து செய்த, அதாவது கிளை வெட்டிவிட்ட கொடியில் பிப்ரவரி விடியலில் கொத்து வெட்டுகிற சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் காலக்கணக்கைப் பாருங்கள். கன்வல் குரோவர் தன் ஒயின் தோட்டத்தை 1988ல் இந்த நந்தி அடிவாரத்தில் தொடங்கினார். முதல் ஒயின் 1992ல்தான் வந்தது. கொடி நட்டு ஓரளவு ஒழுங்கான விளைச்சல் காண மூன்று வருஷம். சிவப்பு ஒயின் என்றால் பீப்பாயிலும் பாட்டிலிலும் இன்னும் ஒன்றரை வருஷம். அதுவரை சம்பளமும் மின்கட்டணமும் உங்கள் சேமிப்பிலிருந்துதான் போகும். ஹம்பி மலைப் பக்கம் கிருஷ்ண பிரசாத், உமா சிகுருபாட்டி தம்பதி கிருஷ்மா எஸ்டேட்ஸை உருவாக்கினார்கள். இந்தியாவில் கணவன் மனைவியாகச் செய்த ஒயின் முயற்சிகளில் மிக அழகானது அதுதான் என்பது என் எண்ணம். ஆனால் அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய மருந்து நிறுவனம் இருக்கிறது. காத்திருக்கும் பலம் அவர்களுக்கு இருந்தது.

2020ல் கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டத்தைத் திருத்திய பிறகு விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம் என்று ஆனது. விமான நிலையமும் தேவனஹள்ளிப் பக்கம் வந்துவிட்டதால் அந்த வட்டாரத்தில் இன்று நிலம் மனைக்கட்டு விலையில் பேசப்படுகிறது. அந்த விலையில் நிலம் வாங்கித் திராட்சை போட்டால், ஒயின் விற்று நிலத்தின் வட்டியைக்கூட எடுக்க முடியாது. தண்ணீர் இன்னொரு கவலை. சிக்கபள்ளாபூர், கோலார் பக்கம் ஆயிரம் அடிக்குக் கீழே போன போர்வெல்கள் சர்வசாதாரணம். அவையும் கோடையில் கைவிடும்.

கொடியின் இயல்பும் நம் ஊரில் வேறு. குளிர்நாட்டில் கொடி பனிக்காலம் முழுக்கத் தூங்கும். இங்கே அது தூங்குவதே இல்லை. அதனால் ஏப்ரலில் ஒரு கவாத்து, செப்டம்பர் அக்டோபரில் இன்னொரு கவாத்து என்று இரண்டு முறை வெட்டி, விளைச்சலை மட்டும் ஒரே முறை, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் எடுக்கிறோம். ஓய்வில்லாத கொடி சீக்கிரம் தளர்ந்துவிடும். பதினைந்து, இருபது வருஷத்தில் மாற்ற வேண்டிவரும். அக்டோபர் கவாத்துக்குப் பின் இளந்தளிர் வருகிற நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை, கூடவே அடிச்சாம்பல் என்ற பூஞ்சை நோய். 2021 நவம்பரில் கோலார், சிக்கபள்ளாபூர் வட்டாரத்தில் கொட்டிய மழையில் விவசாயிகள் பட்ட பாடு இந்தப் பக்கம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மார்ச்சில் ஆலங்கட்டி விழுந்தால் ஒரே மாலையில் வருஷத்து உழைப்பு போய்விடும். தோட்டம் முழு நேர வேலை. ஆலை இன்னொரு முழு நேர வேலை. மேஜையில் நிற்பது மூன்றாவது. இருப்பதோ இரண்டு பேர்.

இரண்டாவது வழி, ஜாப் ஒர்க். பழத்தை நீங்கள் வாங்கி, உரிமம் வைத்திருக்கும் ஒருவரின் ஆலையில் கூலி கொடுத்து ஒயினாக்கி, உங்கள் லேபிள் ஒட்டி வாங்குவது. முதலீடு குறைவு, தலைவலியும் குறைவு. தொழில் கற்றுக்கொள்ள நல்ல வழி. நாங்களும் இதில்தான் ஆரம்பித்தோம். ஆனால் அறுவடை நெருக்கத்தில் உங்கள் மூன்று டன் பழம் ஆலைக்காரரின் முந்நூறு டன்னுக்குப் பின்னால்தான் நிற்கும். வெயிலில் ஒரு பகல் கிரேட்டில் காத்திருந்த பழத்தை எந்த வித்தையாலும் மீட்க முடியாது. அவரிடம் உள்ள சிறிய டேங்கே உங்களுக்குப் பெரியதாக இருக்கலாம். டேங்க் நிறையாவிட்டால் மேலே காற்று நின்று ஒயின் கெடும். என்ன ஈஸ்ட், எந்த நாளில் பிழிவு, எப்போது கந்தகம் சேர்ப்பது என்பதெல்லாம் அவருடைய ஆட்களின் வசதிப்படி நடக்கும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்றுதான்: உரிமம் ஆலைக்காரருடையது. ஒயின் உங்களுடையது, ஆனால் மேஜை போட்டு ஊற்றி விற்கும் உரிமை உங்களிடம் இல்லை. ஆரம்பத்தில் சொன்ன உரைகல்லில் இந்த வழி தேறாது. ஒன்றிரண்டு அறுவடைக்குப் பள்ளிக்கூடமாக வைத்துக்கொள்ளலாம், நிரந்தரமாக அல்ல.

மூன்றாவது வழிதான் பெரும்பாலான தம்பதிகளுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்: சின்ன ஆலை மட்டும் சொந்தமாகவோ நீண்ட கால வாடகைக்கோ வைத்துக்கொண்டு, பழத்தை விவசாயிகளிடம் வாங்குவது. கணக்கு கைக்குள் அடங்கும். பத்து டன் பழம் வாங்கினால் ஏறக்குறைய 6,500 லிட்டர் ஒயின் கிடைக்கும். 750 மில்லி பாட்டிலில் எட்டாயிரத்து ஐந்நூறு சொச்சம். டேஸ்டிங் ரூமில் வாரக் கடைசிக்கு நூறு பாட்டில் விற்றால் வருஷத்துக்கு ஐயாயிரம். மீதியை ஓட்டல்களுக்கும் தெரிந்த சில கடைகளுக்கும் கொடுக்கலாம். இதற்கு வேண்டியது காம்பு நீக்கி நசுக்கும் இயந்திரம், ஒரு பிழிப்பான், குளிரூட்டும் உறையோடு சில ஸ்டீல் டேங்குகள், சில்லர், வடிகட்டி, கையால் நிரப்பும் பாட்டில் மெஷின், சின்ன ஆய்வக மேஜை. வெள்ளை ஒயின் பதினைந்து டிகிரியை ஒட்டி நொதிக்க வேண்டும். பிப்ரவரி மார்ச்சில் மின்சாரம் போனால் சில்லர் நிற்கும். ஆகவே ஜெனரேட்டர் கட்டாயம். ஓக் பீப்பாய்க்கு ஆரம்பத்தில் ஆசைப்பட வேண்டாம். 225 லிட்டர் பிரெஞ்சு பீப்பாய் ஒன்று, இறக்குமதிச் செலவெல்லாம் சேர்த்து லட்ச ரூபாயைத் தாண்டும். பிடிப்பது முந்நூறு பாட்டில் ஒயின். மூன்று நான்கு முறைக்குப் பிறகு மரத்தின் வாசம் தீர்ந்துவிடும்.

இந்த வழியின் உயிர் விவசாயியோடு உள்ள உறவில்தான் இருக்கிறது. சிக்கபள்ளாபூர், பாகேபள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய. கன்னடம் தெரிந்தால் வேலை நடக்கும். தெலுங்கில் நாலு வார்த்தை பேசினால் திண்ணையில் உட்காரச் சொல்வார்கள். விலை பேசும்போது கிலோ கணக்கில் மட்டும் பேசாதீர்கள். கிலோவுக்கு இவ்வளவு என்றால் அறுவடைக்கு முன் தண்ணீர் விட்டு எடை ஏற்றத்தான் யாருக்கும் தோன்றும்; அதில் அவர் தப்பு எதுவும் இல்லை, விலை அப்படிப் பேசப்பட்டிருக்கிறது. ஏக்கருக்கு இவ்வளவு என்று நிச்சயத் தொகை பேசி, அதற்குமேல் இனிப்பு அளவு இத்தனை பிரிக்ஸ் வந்தால் இவ்வளவு கூடுதல் என்று வையுங்கள். தரமான ஒயினுக்கு ஏக்கருக்கு நான்கைந்து டன்னோடு நிறுத்திக் கொத்துகளைக் குறைக்க வேண்டும். அவர் இழக்கும் எடைக்கு நீங்கள் ஈடு கொடுத்தால்தான் அவர் மனதார வெட்டுவார். அறுவடை நாளை யார் சொல்வது, மழை வந்தால் நஷ்டம் எப்படிப் பிரிப்பது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். மழை நஷ்டத்தில் பாதியை நாங்கள் ஏற்கிறோம். விளைந்த வருஷம் லாபத்தையும் விளையாத வருஷம் கைவிரிப்பையும் தருகிற ஆளுக்கு யாரும் மூன்றாம் வருஷம் நல்ல பழம் வைத்திருக்க மாட்டார்கள்.

எந்தப் பழம் என்பதிலும் ஒன்று சொல்ல வேண்டும். ஷிராஸ், கேபர்னே, சோவினியோன் பிளாங், செனின் பிளாங் எல்லாம் இங்கே நன்றாக வருகின்றன. தொட்டபள்ளாபூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், இரவில் குளிர்கிறது, புளிப்பு கொடியிலேயே நிற்கிறது. ஆனால் பந்தலில் விளையும் பெங்களூர் ப்ளூவை ஒதுக்காதீர்கள். புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. ஃப்ரேசர் டவுன், குக் டவுன் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்குக் கிராம்பும் பட்டையும் போட்டு வீட்டில் ஊறவைக்கிற ஒயின் இந்தப் பழத்தில்தான். அதன் வாசத்தை மட்டமென்று சொல்கிற ஒயின்காரர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் ஆட்களில் முதன்முதலாக ஒயின் குடிக்கிறவருக்குத் தெரிந்த வாசம் அதுதான். இனிப்பான ப்ளூ அந்த வருஷமே பாட்டிலாகி அந்த வருஷமே விற்கிறது. ஷிராஸ் பீப்பாயில் தூங்கும்போது சம்பளம் கொடுப்பது அது. கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர்த் திராட்சைக்கும் 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கிருந்து கொண்டுவரலாமா என்று தேனிக்காரர் ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். ஆசை எனக்கும் உண்டு. ஆனால் கர்நாடகத்தின் 2007 ஒயின் கொள்கை இந்த மாநிலத்துத் திராட்சையை வளர்க்க எழுதப்பட்டது. வெளி மாநிலப் பழத்தை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

அடுத்தது டேஸ்டிங் ரூம் ஊருக்குள்ளா, ஆலையோடா என்பது. இந்திராநகரில் ஒரு மாடி பிடித்தால் மெட்ரோவில் வந்து மெட்ரோவில் போவார்கள், வாரநாளிலும் கூட்டம் இருக்கும். இதன் பலம் சின்னதல்ல. ஐந்து ஒயினை முப்பது முப்பது மில்லி ஊற்றினால் மொத்தம் 150 மில்லி. பதின்மூன்று சதவீத ஒயினில் அது சுமார் பதினைந்து கிராம் ஆல்கஹால். மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம்தான். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் வேகமாகக் குடித்தால் இந்த ருசிபார்ப்பிலேயே வரம்பைத் தாண்டிவிடலாம். ஊருக்கு வெளியே நாற்பது கிலோமீட்டரில் இடம் வைத்திருக்கிற நாங்கள் இதை ஒரு நாளும் மறப்பதில்லை. ஓட்டுகிறவருக்குப் பெங்களூர் ப்ளூ சாறு இலவசம், எல்லா மேஜையிலும் துப்புகிற பாத்திரம், முன்பதிவிலேயே "யார் வண்டி ஓட்டுகிறீர்கள்?" என்ற கேள்வி. வேன் ஏற்பாடு செய்தால் இன்னும் நல்லது. இந்தச் செலவை மனதார ஏற்க முடியாதவர்கள் புறநகரில் டேஸ்டிங் ரூம் திறக்கக் கூடாது.

இவ்வளவு இருந்தும் நான் ஆலையோடு சேர்ந்த இடத்தையே சொல்வேன். ஊருக்குள் வாடகை ஒரு பக்கம். கோயில், பள்ளியிலிருந்து நூறு மீட்டர் தள்ளி இடம் தேடுவது இன்னொரு பக்கம். ஆனால் பெரிய காரணம் நாட்காட்டி. இங்கே அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. பெங்களூர்க்காரர்கள் வெளியே சுற்றுகிற இதமான பருவமும் ஏறக்குறைய அதுவே. பழம் வருவதும் விருந்தாளி வருவதும் ஒரே சமயத்தில். ஆலை தொட்டபள்ளாபூரிலும் மேஜை இந்திராநகரிலும் இருந்தால் அந்த மூன்று மாதம் கணவன் ஒரு ஊர், மனைவி ஒரு ஊர். வீட்டில் பத்தாம் வகுப்பு, பி.யு.சி. படிக்கிற பிள்ளை இருந்தால் பரீட்சையும் மார்ச்சில்தான். ஒரே வளாகமாக இருந்தால் ஒருவர் டேங்கைப் பார்க்கும்போது இன்னொருவர் மேஜையைப் பார்க்கலாம். மதியம் இடம் மாற்றிக்கொள்ளலாம். நசுக்கும் இயந்திரம் ஓடுவதை வந்தவர்கள் பார்க்கிறார்கள், நொதிக்கிற டேங்கின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பாட்டில் வாங்காமல் போகிறவர்கள் குறைவு.

இடம் பார்க்கும்போது ரோட்டோர இடம் கிடைத்தது என்று குதிக்காதீர்கள். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. இருபதாயிரத்துக்கும் குறைவான மக்கள்தொகை உள்ள உள்ளாட்சிப் பகுதிகளில் அதை 2017 மார்ச்சில் 220 மீட்டராகக் குறைத்தது. நகராட்சி எல்லைக்குள் அந்தத் தடை இல்லை என்று அதே வருஷம் ஜூலையில் தெளிவுபடுத்தியது. நந்தி அடிவாரத்து நல்ல ரோடுகள் பலவும் நெடுஞ்சாலைகள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சர்வேயரை வைத்து அளந்து, அப்காரி (கலால்) ஆபீசில் காட்டிக் கேளுங்கள்.

உரிமம் யார் பெயரில் என்பதையும் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். தனிநபர் பெயரில் எடுத்த கலால் உரிமத்தை மாற்றுவது எளிதல்ல; ஒருவருக்கு ஏதாவது ஆனால் மற்றவர் கையில் டேங்க் நிறைய ஒயினும், விற்க உரிமை இல்லாத நிலையும் வந்துவிடும். இருவரும் பங்குதாரராக ஒரு நிறுவனம் அமைத்து அதன் பெயரில் எடுங்கள். ஊரில் பெரியவர்கள் "சாராய யாவாரமா?" என்று கேட்பார்கள். என் மாமியார் கேட்டார். அவரை அறுவடை நாளில் அழைத்துவந்து பழம் பொறுக்கும் மேஜையில் உட்காரவைத்தோம். அவர் குடிப்பதில்லை, இனியும் குடிக்கமாட்டார். ஆனால் அழுகின கொத்தை அவர் கண் தப்பவிட்டதில்லை.

இந்த மூன்றாவது வழி உங்களுக்குச் சரி என்று பட்டால் நாள் கணக்கு இப்படி: அடுத்த பிப்ரவரியில் பழம் வேண்டுமானால் அக்டோபர் கவாத்துக்கு முன்பே விவசாயியோடு ஒப்பந்தம் முடிந்திருக்க வேண்டும். கொத்து எத்தனை விடுவது, என்ன மருந்து அடிப்பது, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு மருந்தை நிறுத்துவது என்பதெல்லாம் அந்தக் கவாத்தோடு தொடங்கும். ஜூலை ஆகஸ்டில் ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு தோட்டங்களைப் பார்க்க இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள்; ஒருவர் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போய் மற்றவருக்குச் சொல்வது சரிப்படாது. உரிம விண்ணப்பத்தையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியையும் அதே மாதங்களில் போட்டுவிடுங்கள். அவை பிப்ரவரிக்குள் கைக்கு வராவிட்டால் அந்த வருஷப் பழத்தை ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்துவிட்டு, டேங்குகளை அடுத்த அறுவடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.